கம்பி தொடையில் படிகிறதா?

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம். தை மாதம் ஊரில் திருவிழா நடந்தது. மைதானத்தில் பொருட்காட்சி போட்டார்கள். ராட்டினம் வந்தது. கொலம்பஸ் படகு வந்தது. தண்டவாளத்தில் ஏறி இறங்கும் டிராகன் ரயிலும் வந்தது.

திருவிழாவுக்குப் பெரியம்மா வந்திருந்தார். அவர் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் பக்கம் இருக்கிறார். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். இரண்டு வருடம் முன்புதான் எழுதப் படிக்கக் கற்றார். எங்கே பலகை கண்டாலும் நின்று படிப்பார்.

டிராகன் ரயில் அருகே ஒரு பலகை இருந்தது. எழுத்து மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் இல்லை. ஆனால் பெரியம்மா நின்றார்.

"கண்ணு, இதுல 120னு போட்டிருக்கு. பக்கத்துல ஒரு கோடும் இருக்கு. என்ன அது?" என்று கேட்டார்.

"உயரம் பெரியம்மா. 120 சென்டிமீட்டருக்குக் குறைவா இருக்குற பிள்ளைகள் ஏறக் கூடாது."

என் சித்தி மகளை அந்தக் கோட்டருகே நிறுத்தினோம். அவளுக்கு வயது ஒன்பது. தலை கோட்டுக்கு மேலே இருந்தது. அவளுக்கு ஒரே குஷி. பெரியம்மாவும் அவளும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

பெரியம்மா பருத்த உடம்பு. பிள்ளை ஒல்லி. இரண்டு பேருக்கும் குறுக்கே ஒரே கம்பி. ரயிலை ஓட்டும் தம்பி வந்து கம்பியை அழுத்தினார். கம்பி பெரியம்மாவின் வயிற்றில் முட்டி நின்றது. பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே என் இரண்டு முஷ்டி நுழையும். அவ்வளவு இடைவெளி.

"கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா போதும்" என்றார் அந்தத் தம்பி.

பெரியம்மா கையைக் காட்டினார். "தம்பி, நிறுத்துப்பா. நாங்க இறங்கறோம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பாட்டிக்குப் பயம்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் பெரியம்மாவின் உடம்பைப் பற்றி ஏதோ சொன்னார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து இறங்கிவிட்டார். பிள்ளை அழுதாள்.

அன்று இரவு சாப்பிடும்போது பெரியம்மா என்னிடம் கேட்டார்.

"கண்ணு, என் வயிறு பெருசா இருக்குறது தப்பா? இல்ல அந்தக் கம்பியில தப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விசாரித்தேன். படித்துப் பார்த்தேன். நான் தெரிந்துகொண்டதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதியிருக்கிறேன்.

உடம்பு ஏன் தூக்கிப் போடுகிறது?

எஸ்டேட் ரோட்டில் ஜீப்பில் போயிருக்கிறீர்களா? பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது என்ன ஆகிறது? நம்மைத் தூக்கிப் போடுகிறது. தலை மேலே இடிக்கிறது.

உண்மையில் நம்மை யாரும் தூக்குவதில்லை. வண்டி மேலே ஏறும்போது நம் உடம்பும் மேலே போகிறது. மேடு முடிந்ததும் வண்டி சட்டென்று கீழே இறங்குகிறது. உடம்பு உடனே இறங்குவதில்லை. அது வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் மேலேதான் போகப் பார்க்கிறது. சீட்டு நம்மை விட்டுக் கீழே போய்விடுகிறது.

டிராகன் ரயிலிலும் இதே கதைதான். பெரிய பூங்காக்களில் உள்ள ரோலர் கோஸ்டரில் இது பல மடங்கு. மேடு உயரம். வேகம் அதிகம். உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும். நிற்கும்போது முன்னால் தள்ளும்.

அந்த நேரத்தில் ரயில் ஏன் தண்டவாளத்தை விட்டுப் பறக்கவில்லை? அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரோலர் கோஸ்டருக்குத் தண்டவாளத்தின் மேலே மட்டும் சக்கரம் இல்லை. அடியிலும் சக்கரம் உண்டு. மேலும் கீழும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும். அமெரிக்காவில் ஜான் மில்லர் என்பவர் 1919-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

ரயிலைச் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. நம்மைப் பிடித்துக்கொள்வது எது? அந்தக் கம்பி. அல்லது தோள் பூட்டு. அல்லது பெல்ட். நம் கை அல்ல. கை வழுக்கும். கை சோர்ந்துபோகும். பயத்தில் கை விட்டுப் போகும். ஆகவே "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்பது போதாது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

ஜீப்பில் ஹேண்ட் பிரேக் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். "கட கட கட" என்று சத்தம் வரும். உள்ளே பல் சக்கரம் இருக்கிறது. ஒரு பல் விழுந்தால் பின்னால் போகாது. பல சவாரிகளில் மடிக் கம்பியும் இப்படித்தான். கீழே அழுத்த அழுத்தப் பல் விழும். ஓட்டுபவர் விடுவித்தால்தான் மேலே வரும். புதிய சவாரிகள் சிலவற்றில் எண்ணெய் அழுத்தத்தில் பூட்டுகிறார்கள். அதில் கம்பி எந்த இடத்திலும் நிற்கும்.

பூட்டு விழுந்தால் மட்டும் போதுமா? போதாது. பூட்டு எங்கே விழுந்தது என்பதுதான் முக்கியம்.

மடிக் கம்பி தொடையின் மேல் பகுதியில் படிய வேண்டும். தொடையும் இடுப்பும் சேருகிற மடிப்பை ஒட்டி இருக்க வேண்டும். அங்கே எலும்பு இருக்கிறது. உடம்பு எழும்பினாலும் கம்பி தடுத்து நிறுத்தும்.

கம்பி வயிற்றில் முட்டி நின்றால் என்ன ஆகும்? வயிறு மெத்தென்று இருக்கும். மூச்சு விட்டால் சுருங்கும். உடம்பு எழும்பினால் அமுங்கும். ஏறும்போது இறுக்கமாக இருந்த கம்பி, ஓடும்போது தளர்ந்துவிடும். அந்த இடைவெளியில் உடம்பு நழுவலாம்.

ஒரே கம்பி, பல உடம்புகள்

கம்பியும் இருக்கையும் ஓர் அளவு வைத்துச் செய்யப்படுகின்றன. மனிதர்கள் ஒரே அளவில் இல்லை.

சிறு பிள்ளைக்குத் தொடை சிறியது. கம்பி முழுவதும் இறங்கினாலும் இடைவெளி இருக்கும். தோள் பூட்டின் அடியில் பிள்ளை சறுக்கி வந்துவிடலாம். அதற்காகத்தான் உயரக் கோடு போடுகிறார்கள். பிள்ளையை நுனிக்காலில் நிற்க வைத்து ஏமாற்றக் கூடாது. நாம் அந்தப் பலகையை ஏமாற்றவில்லை. பிள்ளையின் பாதுகாப்பைத்தான் ஏமாற்றுகிறோம்.

வயிறு பெரிதாக உள்ளவருக்குக் கம்பி தொடைக்கு வராது. மார்பு அகலமாக உள்ளவருக்குத் தோள் பூட்டு முழுதாக இறங்காது.

எடை மட்டும் இதைச் சொல்லாது. இரண்டு பேர் 90 கிலோ இருக்கலாம். ஒருவருக்கு வயிற்றில் சதை. இன்னொருவருக்கு இடுப்பிலும் தோளிலும் சதை. ஒருவருக்குக் கம்பி பொருந்தும். மற்றவருக்குப் பொருந்தாது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கால் இழந்தவருக்கு மடிக் கம்பி பிடிக்கத் தொடை போதாது. கர்ப்பிணிகள் இந்தச் சவாரிகளில் ஏறவே கூடாது. கம்பியும் குலுக்கலும் வயிற்றில் அழுத்தும்.

இருவருக்கு ஒரே கம்பி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெரிய உடம்பு கம்பியை நிறுத்திவிடும். பக்கத்தில் உள்ள சின்ன உடம்புக்குக் கம்பியே இல்லாத மாதிரி. எங்கள் பிள்ளைக்கு அன்று நடக்க இருந்தது அதுதான். "பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குப் பத்திரம்" என்று நினைக்கிறோம். இங்கே அது நேர்மாறாகப் போகலாம்.

நடந்த சம்பவங்கள்

இது வெறும் பயம் அல்ல. அமெரிக்காவில் பெரிய பூங்காக்களிலேயே இப்படி நடந்திருக்கிறது.

2011 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் ரோலர் கோஸ்டரில் ஏறினார். ஈராக் போரில் அவர் இரண்டு கால்களையும் இழந்திருந்தார். அந்தச் சவாரிக்கு இரண்டு கால்களும் வேண்டும் என்பது பூங்காவின் விதி. ஆனாலும் ஊழியர்கள் அவரை ஏற்றினார்கள். ஓடும் சவாரியிலிருந்து அவர் தூக்கி எறியப்பட்டார். உயிர் போயிற்று.

2013 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தில் 52 வயதுப் பெண் ஒருவர் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து இறந்தார். அதில் மடிக் கம்பி இருந்தது. பெல்ட் இல்லை. பிறகு அந்தப் பூங்கா பெல்ட் பொருத்தியது. வாசலில் ஒரு மாதிரி இருக்கையும் வைத்தது. உடம்புக்குப் பொருந்துகிறதா என்று முன்பே உட்கார்ந்து பார்க்கலாம்.

2022 மார்ச் 24 அன்று ஃபுளோரிடா மாநிலம் ஒர்லாண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அது உயரமான கோபுரத்திலிருந்து கீழே விழும் சவாரி. கோபுரத்தின் உயரம் 430 அடி. அந்தச் சவாரிக்கு எடை வரம்பு 130 கிலோ. பையனின் எடை 170 கிலோவுக்கு மேல். அன்று மற்ற சவாரிகளில் அவனை ஏற்ற மறுத்தார்கள் என்று அவன் தந்தை சொன்னார். இந்தச் சவாரியில் மட்டும் ஏற்றிவிட்டார்கள்.

எப்படி ஏற்றினார்கள்? தோள் பூட்டு சரியாக மூடினால்தான் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால்தான் சவாரி ஓடும். ஆனால் அவன் இருந்த இருக்கையில் அந்த அளவைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். விசாரணையில் இது தெரிந்தது. வழக்கத்தைவிடச் சுமார் இரண்டு மடங்கு இடைவெளி இருந்தும் விளக்கு எரிந்தது. கோபுரம் கீழே வந்து வேகம் குறையும்போது அவன் இடைவெளியில் நழுவி விழுந்தான். பெல்ட் இல்லை. 2023-இல் அந்தக் கோபுரத்தையே பிரித்து எடுத்தார்கள். அதே ஆண்டில் ஃபுளோரிடாவில் புதிய சட்டம் வந்தது. அத்தகைய உயரமான சவாரிகளில் தோள் பூட்டோடு பெல்ட்டும் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

யோசித்துப் பாருங்கள். "நீ ஏறக் கூடாது" என்று சொன்னவர்கள் அவனை அவமானப்படுத்தவில்லை. அவன் உயிரைக் காப்பாற்றினார்கள். "பரவாயில்லை, ஏறு" என்ற இடத்தில்தான் உயிர் போயிற்று.

நம் நாட்டிலும் விபத்து உண்டு. 2025 ஏப்ரலில் டெல்லியில் ஒரு பூங்காவில் 24 வயதுப் பெண் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து இறந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத்தில் ஊசலாடும் சவாரி ஒன்று ஓடும்போதே உடைந்து விழுந்தது. பயணம் செய்தவர்கள் இறந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

இரும்பு உள்ளே விரிசல் விட்டிருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்ப்பது நடத்துபவரின் கடமை. அதிகாரிகளின் கடமை. ஆனால் கம்பி நம் தொடையில் படிகிறதா என்பது நமக்குத் தெரியும். அதை நாமே பார்க்கலாம்.

ஏறும் முன் என்ன செய்யலாம்?

மலம்புழைப் பூங்காவுக்குப் போகலாம். கொச்சிக்குப் போகலாம். ஊர்த் திருவிழாவுக்கும் போகலாம். எங்கே போனாலும் இவற்றைச் செய்யுங்கள்.

1. பலகையைப் பாருங்கள். எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியும். சென்டிமீட்டர் என்றால் உயரம். கிலோ என்றால் எடை. புரியாததைக் கேளுங்கள்.

2. ஒரு சுற்று நின்று பாருங்கள். ஓட்டுபவர் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்க்கிறாரா? பார்க்காமல் ஓட்டினால் ஏறாதீர்கள்.

3. முதுகை இருக்கையில் ஒட்டி உட்காருங்கள். கம்பியைத் தொடை வரை இறக்குங்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பூட்டாதீர்கள்.

4. பூட்டிய பின் கம்பியை மேலே தள்ளிப் பாருங்கள். அசையக் கூடாது.

5. ஒரே கம்பி என்றால் ஒரே அளவு உடம்பு உள்ளவர்கள் சேர்ந்து உட்காருங்கள்.

6. முந்தானையை இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். நீண்ட கூந்தலைக் கொண்டை போடுங்கள். சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து.

7. பொருந்தவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். "நிறுத்துங்க" என்று உரக்கச் சொல்லுங்கள். இறங்கிவிடுங்கள். சீட்டுக் காசு போனால் போகட்டும்.

8. சவாரி நடுவில் நின்றால் பூட்டைத் திறக்காதீர்கள். எழுந்திருக்காதீர்கள். 2025 நவம்பரில் மூணாறு அருகே ஆனச்சாலில் கிரேனில் தொங்கும் உணவு மேடை நடுவானில் நின்றுவிட்டது. அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து பத்திரமாக இறக்கினார்கள். அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

யாரிடம் சொல்வது?

கேரளத்தில் இப்படிப்பட்ட பொழுதுபோக்கு இடம் நடத்த உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும். இதற்கென 1963-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆகவே குறை கண்டால் பஞ்சாயத்துச் செயலாளருக்கு எழுதலாம். நகரம் என்றால் நகராட்சிக்கு எழுதலாம்.

மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ் பேசும் சிறுபான்மையினருக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது. தமிழர் அதிகம் வாழும் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

பெரியம்மாவுக்குப் பதில்

இப்போது பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் தெரிந்தது. போனில் சொன்னேன்.

"பெரியம்மா, உங்க வயிறு தப்பில்ல. கம்பி உங்க அளவுக்குச் செய்யல. பொருந்தாத கம்பியைப் போட்டு ஓட்டப் பார்த்தாங்களே, அதுதான் தப்பு. நீங்க இறங்கினதுதான் சரி."

பெரியம்மா சிரித்தார். "அன்னிக்கு ஊரே சிரிச்சப்ப உடம்பு கூசிப்போச்சு கண்ணு. ஆனா பிள்ளை மடியில இருந்த இடைவெளியைப் பார்த்துட்டேன். அப்புறம் எப்படி உட்கார்றது?" என்றார்.

திருவிழாவின் மறுநாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். அன்று நாங்கள் மீண்டும் மைதானத்துக்குப் போனோம். பிள்ளை தன் அளவே உள்ள தோழியோடு டிராகன் ரயிலில் உட்கார்ந்தாள். கம்பி இருவர் தொடையிலும் படிந்தது. நான் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ரயில் மேட்டில் இறங்கியபோது இருவரும் போட்ட கூச்சல் கடைவீதி வரை கேட்டிருக்கும். பெரியம்மா மெதுவாகச் சுற்றும் ராட்டினத்தில் ஏறினார். மேலே போனதும் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்.

பிறகு எங்கள் தொடர்கல்வி மையத்தில் எல்லோரும் சேர்ந்து பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதினோம். அடுத்த திருவிழாவில் பலகை தமிழிலும் வேண்டும் என்று கேட்டோம். ஒவ்வொரு கம்பியையும் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும் என்றும் கேட்டோம். பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம். யாரும் கைநாட்டு வைக்கவில்லை.

நினைவில் வையுங்கள்

கம்பி வயிற்றில் அல்ல, தொடையில் படிய வேண்டும்.
கையை நம்பாதே, பூட்டைப் பார்.
பொருந்தாவிட்டால் இறங்கு. அதில் வெட்கம் இல்லை.

புதிய சொற்கள்

மடிக் கம்பி – மடிக்குக் குறுக்கே வந்து உடம்பைப் பிடிக்கும் கம்பி
தோள் பூட்டு – தோளின் மேலிருந்து இறங்கி மார்பைப் பிடிக்கும் பூட்டு
வரம்பு – இதற்கு மேல் கூடாது என்ற அளவு
உரிமம் – ஒன்றை நடத்த அரசு தரும் அனுமதி, லைசென்ஸ்

பதில் சொல்லுங்கள்

1. பெரியம்மா ஏன் ரயிலிலிருந்து இறங்கினார்?
2. கம்பி வயிற்றில் நின்றால் என்ன ஆபத்து?
3. ஒர்லாண்டோவில் விளக்கு எரிந்தும் விபத்து நடந்தது ஏன்?
4. வரிசையில் நின்று சிரித்தவர்களிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

செய்து பாருங்கள்

வீட்டுச் சுவரில் 120 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். வீட்டுப் பிள்ளைகளை அளந்து பாருங்கள். அவர்களின் பெயரையும் உயரத்தையும் எழுதி வையுங்கள்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் சவாரிகள் வருமா? பலகை தமிழிலும் வேண்டும் என்று பஞ்சாயத்துச் செயலாளருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். மையத்தில் படித்துக் காட்டுங்கள். பிறகு எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.